சரக்கு வந்தால் போதுமா? – இரத்தக் குழாய்த் தசையின் ஏற்பிகள் கண்டறியப்பட்ட வரலாறு

மலர்க்குழு அன்பர்கள் என்னிடம் வழக்கமாகக் கல்வெட்டுக் கட்டுரைதான் கேட்பார்கள். இந்தத் தடவை நானாகவே கேட்டு வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். காரணம் இருக்கிறது. சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கிற நேரத்தில் காதில் விழும் பேச்சில் பாதி பிரஷர், மீதி சுகர். யாருக்கு என்ன மாத்திரை, காலையா ராத்திரியா, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த மாத்திரை உடம்புக்குள் எந்தக் கதவைப் போய்த் தட்டுகிறது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. அந்தக் கதவுகளைக் கண்டுபிடித்த கதை, நம் மன்னர்கள் கதைக்குக் குறைந்ததல்ல. நான் மருத்துவன் அல்லன். நாற்பது வருஷமாக மும்பையில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். படித்ததெல்லாம் கடை ஷட்டரை இறக்கிய பிறகு படித்தது. ஆகவே எனக்குக் கணக்கு வழக்கு பாஷையில்தான் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரத்தம் ஒரு அழுத்தத்தோடுதான் ஓடுகிறது என்பதை அளந்து காட்டியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, அதை நெட்டையான கண்ணாடிக் குழாயோடு இணைத்தார். இரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. 1733-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். சரி, அழுத்தம் இருக்கிறது. அதைக் கூட்டுவது யார், குறைப்பது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் வர இன்னும் 160 வருஷம் ஆயிற்று.

1894-ல் ஜார்ஜ் ஆலிவர் என்ற டாக்டர், அட்ரீனல் சுரப்பியின் சாற்றை எடுத்துக்கொண்டு லண்டனில் எட்வர்ட் ஷேஃபர் என்ற பேராசிரியரிடம் போனார். சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பி வைத்தாற்போல் உட்கார்ந்திருக்கும் சின்ன சுரப்பி அது. இந்தச் சாறு இரத்தக் குழாயைச் சுருக்குகிறது என்று ஆலிவர் சொன்னதைப் பேராசிரியர் முதலில் நம்பவில்லை என்று சொல்வார்கள். பரிசோதனையில் இருந்த நாய்க்கு அந்தச் சாற்றைச் செலுத்திப் பார்த்தால், அழுத்தமானியின் பாதரசம் கிடுகிடுவென்று ஏறியதாம். அந்தச் சாற்றின் சாரத்தைத்தான் 1901-ல் ஜப்பானியரான டாக்கமினே படிகமாகப் பிரித்து அட்ரீனலின் என்று பெயரிட்டார்.

நான்கே வருஷம் கழித்து, 1898-ல், ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டிகெர்ஸ்டெட் என்பவரும் அவருடைய மாணவர் பெர்க்மானும் முயலின் சிறுநீரகத்தை அரைத்துச் சாறெடுத்து வேறொரு முயலுக்குச் செலுத்தினார்கள். அங்கேயும் அழுத்தம் ஏறியது. அதற்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் கடைவீதியில் நல்ல சரக்கும் சில சமயம் விற்காமல் தூங்கும் அல்லவா, அதுபோல் ரெனின் ஏறக்குறைய 35 வருஷம் தூங்கியது. 1934-ல் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியை ஒரு கவ்வியால் பாதி இறுக்கி, நிரந்தரமான இரத்தக் கொதிப்பை உண்டாக்கிக் காட்டிய பிறகுதான் எல்லோருக்கும் ரெனின் ஞாபகம் வந்தது. 1939-40-ல் புவனோஸ் ஐரிஸில் பிரௌன் மெனெண்டெஸ் குழுவும், அமெரிக்காவில் இண்டியானாபொலிஸில் இர்வின் பேஜ் குழுவும் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டார்கள். ரெனின் நேராகக் குழாயைச் சுருக்குவதில்லை. அது இரத்தத்திலுள்ள ஒரு புரதத்தை வெட்டி இன்னொரு பொருளை உண்டாக்குகிறது. அந்தப் பொருள்தான் சுருக்குகிறது. ஒரு கட்சி அதை ஹைபர்டென்சின் என்றது, மறு கட்சி ஆஞ்சியோடோனின் என்றது. இருபது வருஷம் போல் இரண்டு பெயரும் ஓடின. கடைசியில் 1958-ல் பாதிப் பெயர் உனக்கு, பாதிப் பெயர் எனக்கு என்று சமாதானமாகி ஆஞ்சியோடென்சின் ஆக்கினார்கள். விஞ்ஞானிகளிடையே இப்படியொரு பங்காளி உடன்பாடு அபூர்வம்.

(நாய், முயல், குதிரை என்று எழுதும்போது என் கை கூசுகிறது. எறும்புக்கு ஒதுங்கி நடக்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். ஆனாலும் நடந்ததை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது. பின்னால் இந்த விஷயத்தில் ஒரு மாறுதல் வருகிறது, சொல்கிறேன்.)

இதுவரை சொன்னதெல்லாம் சரக்கின் கதை. சுரப்பி என்ற ஆலையிலிருந்து இரத்தம் என்ற பாதை வழியாகச் சரக்கு வருகிறது. 1905-ல் லண்டனில் ஸ்டார்லிங் இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஹார்மோன் என்ற சொல்லைக் கொண்டுவந்தார். அதே 1905-ல் கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவர் எதிர்ப்பக்கத்திலிருந்து யோசித்தார். கோழியின் தசைக்கு வரும் நரம்பை வெட்டி, அது உளுத்துப்போன பிறகும், நிகோடினைப் போட்டால் தசை சுருங்குகிறது. அப்படியானால் மருந்து நரம்பைத் தொடவில்லை, தசையிலேயே அதை வாங்கிக்கொள்ளும் ஏதோ ஒன்று இருக்கிறது. 'ஏற்கும் பொருள்' என்று அதற்குப் பெயர் கொடுத்தார். இன்று ஏற்பி என்று பள்ளிப் பாடப்புத்தகத்தில் வருகிறதே, அதன் பூர்வீகம் இதுதான்.

அடுத்த வருஷமே ஹென்றி டேல் ஒரு வேடிக்கை காட்டினார். கம்பு முதலிய தானியக் கதிரில் பிடிக்கும் எர்கட் என்ற காளான் நோய் இருக்கிறதே, அதிலிருந்து எடுத்த மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு அட்ரீனலினைச் செலுத்தினார். ஏற வேண்டிய அழுத்தம் இறங்கியது! அதே சரக்கு, அதே அளவு, பலன் தலைகீழ். இதற்குச் சரியான விளக்கம் கிடைக்க 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்ற பேராசிரியர், அட்ரீனலினுக்கு இரண்டு வகை ஏற்பி உண்டு, ஒன்று ஆல்ஃபா, இன்னொன்று பீட்டா என்றார். இரத்தக் குழாயின் தசையில் ஆல்ஃபா சுருக்கும், பீட்டா தளர்த்தும். டேல் கொடுத்த மருந்து ஆல்ஃபாவை அடைத்துவிட்டதால் பீட்டாவின் கை ஓங்கியது. ஆல்குவிஸ்டின் கட்டுரையை ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது, வேறொன்றில்தான் வெளிவந்தது. இன்று நம் பாதிப் பேர் சாப்பிடுகிற பீட்டா தடுப்பு மாத்திரைகளுக்கு அந்தக் கட்டுரைதான் தாய். ஜேம்ஸ் பிளாக் 1960-களில் ப்ரொப்ரனலாலைக் கொண்டுவந்ததும், 1988-ல் நோபல் பரிசு பெற்றதும் அந்த வழியில்தான்.

ஆகக்கூடி, ஒரு ஊருக்கு எத்தனை மூட்டை அரிசி வந்தது என்று மட்டும் பார்த்தால் வியாபாரம் தெரியாது. அங்கே எத்தனை கடை திறந்திருக்கிறது, எந்தக் கடை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இரத்தக் குழாயின் சுவரில் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும் மென்தசைச் செல் ஒவ்வொன்றும் ஒரு கடைவீதி. அதன் மேற்பரப்பில் ஆயிரக்கணக்கான ஏற்பிகள். ஆஞ்சியோடென்சின் வந்து தன் ஏற்பியில் உட்கார்ந்தால், செல்லுக்குள் கால்சியம் கிளம்பும், தசை சுருங்கும், குழாய் குறுகும், பிரஷர் ஏறும். பீட்டா ஏற்பியில் அட்ரீனலின் உட்கார்ந்தால் வேறு தூது கிளம்பும், தசை தளரும். இந்த அளவு புரிந்துகொண்டால் போதும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடைகளின் எண்ணிக்கை நிலையானதா? அல்லவே அல்ல. இன்றைக்கு நூறு கடை, நாளைக்கு ஐம்பது, அடுத்த வாரம் இருநூறு. அதைத் தீர்மானிப்பது யார் என்றால், பெரும்பாலும் மற்ற ஹார்மோன்கள்! ஒரு வியாபாரியின் கடையைத் திறப்பதும் அடைப்பதும் இன்னொரு வியாபாரியின் கையில். இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் மொத்த மார்க்கெட் ஞாபகம்தான் வந்தது.

இதற்கான முதல் துப்பு அட்ரீனல் சுரப்பியிலேயே கிடைத்தது. 1855-ல் லண்டனில் தாமஸ் அடிசன் ஒரு நோயை விவரித்திருந்தார். அட்ரீனல் கெட்டுப்போனவர்கள் மெலிந்து, தோல் கறுத்து, நாடி தளர்ந்து இறந்துபோகிறார்கள். அட்ரீனலின் இல்லாமல் போனதால் நாடி தளர்கிறது என்று பிற்பாடு நினைத்தார்கள். நினைப்பு நியாயம்தான், ஆனால் அட்ரீனலினைக் கொடுத்துப் பார்த்தாலும் அவர்கள் பிழைக்கவில்லை. அந்தச் சுரப்பிக்கு உள்பக்கம் ஒன்று, மேல்தோல் ஒன்று. உள்பக்கம் அட்ரீனலின் தருகிறது. மேல்தோல் கார்டிசால், ஆல்டோஸ்டிரோன் முதலிய ஸ்டீராய்டுகளைத் தருகிறது. 1951-ல் சிகாகோவில் ஃபிரிட்ஸ், லெவின் என்ற இருவர் அட்ரீனலை எடுத்துவிட்ட எலிகளின் குடல் சவ்வில் ஓடும் நுண்ணிய குழாய்களை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தார்கள். நார்அட்ரீனலினைச் சொட்டு விட்டார்கள். சுருங்க வேண்டிய குழாய் முறையாகச் சுருங்கவில்லை. மேல்தோல் சாற்றைக் கொடுத்த பிறகு அதே சொட்டுக்கு ஒழுங்காகச் சுருங்கியது. கார்டிசால் தானாகக் குழாயை இறுக்குவதில்லை. இறுக்குகிறவனுக்கு அது உத்தரவுச் சீட்டு கொடுக்கிறது. டுவைட் இங்கிள் என்ற உடலியல் அறிஞர் இதற்கு 'அனுமதிக்கும் செயல்' என்ற பொருளில் ஒரு சொல்லை 1950-களின் தொடக்கத்தில் பரப்பினார்.

இது எங்கள் குடும்பத்தில் வந்து நின்றதால்தான் நான் இவ்வளவும் படிக்க நேர்ந்தது. என் பெரியக்காவுக்கு மூட்டு வாதம். பல வருஷமாக ஸ்டீராய்டு மாத்திரை. ஊர்ப்பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். மாத்திரை டப்பா இங்கே அலமாரியிலேயே இருந்துவிட்டது. நான்காம் நாள் வாந்தி, தலைசுற்றல், ஐந்தாம் நாள் மயக்கம். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றினார்கள், பிரஷர் ஏற்றுகிற மருந்தும் சொட்டு போட்டார்கள். மேல் அளவு 70-ஐத் தாண்ட மாட்டேன் என்றது. நைட் டூட்டிக்கு வந்த ஒரு சின்னப் பையன் டாக்டர், பர்ஸில் மடித்து வைத்திருந்த பழைய மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டார். விடிவதற்குள் 110. நான் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தபோது அக்கா எழுந்து உட்கார்ந்து, "ஏன்டா இவ்வளவு தூரம் ஓடி வந்தே?" என்றது. அந்த டாக்டரிடம் விவரம் கேட்டேன். "மருந்து குறையலீங்க ஐயா, வாங்கிக்கிற கைங்கதான் ஓய்ஞ்சு போயிருந்துச்சு" என்றார். பல வருஷம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால் உடம்பின் சொந்த ஆலை மூடிக் கிடந்தது. வெளிச் சரக்கும் திடீரென்று நின்றது. நார்அட்ரீனலினை யாரும் மதிக்கவில்லை. ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக்கூடாது, டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

நம் நாட்டுப் பங்கையும் இங்கே சொல்ல வேண்டும். சர்ப்பகந்தா என்ற வேரைப் பற்றி 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் எழுதினார்கள். இரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் அது நல்லது என்றார்கள். உலகம் அப்போது திரும்பிப் பார்க்கவில்லை. 1949-ல் இதே மும்பையில், பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், நோயாளிகளிடம் அதைச் சோதித்து பிரிட்டிஷ் இதய மருத்துவப் பத்திரிகையில் எழுதிய பிறகு திரும்பிப் பார்த்தது. 1952-ல் ஸ்விட்சர்லாந்துக் கம்பெனி சிபா அதிலிருந்து ரெஸர்பினைப் பிரித்தது. நரம்பு நுனிகளில் சேமித்து வைத்த நார்அட்ரீனலினை ரெஸர்பின் காலி செய்துவிடும். ஸ்டாக் இல்லாத நிலை. அப்போது நடந்ததுதான் அதிசயம். 1958-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பர்ன், ராண்ட் இருவரும் பார்த்தது: ரெஸர்பின் கொடுத்த மிருகத்துக்கு வெளியிலிருந்து நார்அட்ரீனலின் செலுத்தினால், அழுத்தம் முன்னைவிட அதிகமாக எகிறுகிறது. பட்டினி கிடந்தவனுக்கு வாசனையே போதும் என்பார்களே, அது மாதிரி. இதில் ஏற்பியின் எண்ணிக்கை மட்டுமல்ல, செல்லின் உள்பக்க ஏற்பாடுகளும் சேர்ந்தே மாறுகின்றன. வக்கீலுக்கு 1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. பரேல் பக்கம் போகிற நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதுவரை ஏற்பி என்பது யூகம்தான், யாரும் எண்ணியதில்லை. 1970 வாக்கில் கதிரியக்க முத்திரை குத்திய ஹார்மோனைச் செலுத்தி, அது எத்தனை இடத்தில் ஒட்டுகிறது என்று எண்ணும் முறை வந்தது. நம் பாஷையில் சொன்னால், நோட்டில் அடையாளம் வைத்து அனுப்பி எந்தக் கல்லாவில் விழுகிறது என்று பார்ப்பது. ஆஞ்சியோடென்சினுக்கு 1970-லேயே இதைச் செய்துவிட்டார்கள். 1974-ல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் ஜெஸ்ஸி ராத் குழுவினர், வளர்ப்புத் தட்டில் இருந்த செல்களை இன்சுலினில் ஊறவைத்துப் பார்த்து, இன்சுலின் கூடினால் இன்சுலின் ஏற்பி குறைகிறது என்று நேராகவே காட்டினார்கள். சரக்கு குவிந்தால் கடைக்காரன் கடையை அடைக்கிறான்.

இரத்தக் குழாயிலும் இதே கதைதான், ஆனால் ஒரு முடிச்சோடு. உப்பைக் குறைத்துச் சாப்பிட்டால் ரெனினும் ஆஞ்சியோடென்சினும் கூடும். அப்போது குழாய்த் தசையில் ஆஞ்சியோடென்சின் ஏற்பி குறைகிறது. அதே சமயம் அட்ரீனலின் மேல்தோலில் அதே ஏற்பி கூடுகிறது! அகிலேரா, கேட் என்ற இருவர் 1970-களின் கடைசியிலும் 1980-களின் தொடக்கத்திலும் எலிகளில் இதைக் கணக்கெடுத்தார்கள். உப்புப் பஞ்சத்தில் உடம்புக்கு வேண்டியது உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோன். குழாயை நெரித்துப் பிரஷரை ஏற்றுவதல்ல. ஒரே சரக்கு, ஒரு ஊரில் கடை பெருக, மறு ஊரில் கடை சுருங்க, காரியம் கச்சிதமாக நடக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு நேர்த்தியான கணக்கை எந்த முனீம்ஜியும் எழுதியதில்லை.

முன்னே சொன்ன மாறுதலும் இந்தக் காலத்தில்தான். 1971-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ரஸ்ஸல் ராஸ், இரத்தக் குழாயின் மென்தசைச் செல்களைத் தனியே பிரித்துத் தட்டில் வளர்க்கும் வழியைக் காட்டினார். அதற்குப் பின் கேள்விக்கு ஒரு பிராணி என்ற நிலை போய், ஒரு முறை எடுத்த செல்லைப் பெருக்கிப் பெருக்கி நூறு கேள்வி கேட்கலாம் என்றாயிற்று. உயிர்வதை ஒழிந்தது என்று சொல்ல முடியாது; குறைந்தது. 1991-ல் ஆஞ்சியோடென்சினின் முதல் வகை ஏற்பிக்குரிய மரபணு நகலையே பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவில் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகக் குழு ஒன்று, நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் குழு ஒன்று, இரண்டும் ஒரே வருஷம், ஒரே பத்திரிகை. இனி அந்த ஏற்பியின் 'ஆர்டர் சீட்டு' எத்தனை அச்சாகிறது, எத்தனை நேரம் கிழியாமல் இருக்கிறது என்றுகூட அளக்கலாம்.

அளந்தார்கள். 1990-கள் முழுக்க ஒவ்வொரு ஹார்மோனாகத் தட்டில் ஊற்றிப் பார்த்த காலம். ஆஞ்சியோடென்சின் தன் ஏற்பியைத் தானே குறைக்கிறது. கார்டிசால் வகை கூட்டுகிறது. ஆல்டோஸ்டிரோனும் கூட்டுகிறது என்று 1992-ல் தெரிந்தது. இது கொஞ்சம் ஆபத்தான வட்டம், ஏனென்றால் ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்வதே ஆஞ்சியோடென்சின்தான். வேலைக்காரன் முதலாளிக்குப் புதுக் கடை திறந்து கொடுக்கிறான். ஜெர்மனியில் கியோர்க் நிக்கெனிக், மைக்கேல் பேம் குழுவினர் 1997, 1998-ல் வரிசையாக எழுதினார்கள். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். ஹார்மோன் இல்லை என்றாலும் ஏற்பியைக் கூட்டுகிறது. இன்சுலின் கூட்டுகிறது. பெண்களின் ஈஸ்ட்ரோஜன் குறைக்கிறது. பிற்பாடு புரோஜெஸ்டிரோன் கூட்டுவதும், 2003-ல் தைராய்டு ஹார்மோன் குறைப்பதும் தெரியவந்தன.

சுகர்காரர்களுக்குப் பிரஷரும் ஏன் கூடவே வருகிறது என்று நம் வீடுகளில் கேட்காதவர் இல்லை. முழுப் பதில் இது ஒன்றல்ல. சிறுநீரகம், நரம்பு, எடை என்று பல உண்டு. ஆனால் இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பு அதை அதிகமாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. அந்த உபரி இன்சுலின் குழாய்த் தசையில் ஆஞ்சியோடென்சினுக்குக் கடை திறந்துவிடுகிறது என்பது பதிலின் ஒரு துண்டு. ரத்தப் பரிசோதனையில் ஆஞ்சியோடென்சின் அளவு சாதாரணமாக இருக்கும். சரக்குக் கணக்கு சரி. கடைகளை யார் எண்ணினார்கள்? கொழுப்பு விஷயத்தில் மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். கொழுப்பு அதிகமுள்ள ஆண்களுக்கு ஆஞ்சியோடென்சின் செலுத்தியபோது பிரஷர் மற்றவர்களைவிட அதிகம் ஏறியது. ஸ்டேடின் மாத்திரை கொடுத்த பின் அது தணிந்தது. இது 1999.

தட்டில் கண்டது எல்லாம் மனுஷ உடம்பில் நடந்துவிடும் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த வரலாற்றில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் இதயமும் குழாயும் காப்பாற்றப்படும் என்று டாக்டர்கள் பலர் நம்பினார்கள். மாத்திரைகள் கோடிக்கணக்கில் விற்றன. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்ந்த மாத்திரையைச் சோதித்தார்கள். 2002 ஜூலையில் அந்தச் சோதனையை முன்கூட்டியே நிறுத்த வேண்டியதாயிற்று. மாரடைப்பு, பக்கவாதம், மார்புப் புற்றுநோய் எல்லாமே மாத்திரை எடுத்தவர்களிடம் சற்றுக் கூடுதல். தட்டில் ஒரு ஏற்பி குறைந்தது நிஜம். உடம்பில் இரத்தம் உறைகிற தன்மை கூடியதும் நிஜம். போதாக்குறைக்கு அந்தப் பெண்களின் சராசரி வயது அறுபதைத் தாண்டியிருந்தது. குழாய்கள் ஏற்கனவே பழுதுபட்டிருக்கும். இளம் வயதில் தொடங்கினால் வேறு மாதிரி இருக்குமா என்ற விவாதம் பிறகும் ஓய்ந்தபாடில்லை. விவாதம் ஒரு பக்கம் இருக்க, ஒரே ஒரு கடையின் பேரேட்டைப் பார்த்துவிட்டு ஊர் முழுக்க லாபம் என்று சொன்ன வியாபாரியை நான் நம்ப மாட்டேன்.

இன்னொரு சங்கதி, வயிற்றுப்பிள்ளைக்காரிகளைப் பற்றியது; நம் பெண்களைப் பெற்றவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் ரெனினும் ஆஞ்சியோடென்சினும் தாயின் இரத்தத்தில் நன்றாகவே கூடுகின்றன. அப்படியும் பிரஷர் ஏறுவதில்லை. நடு மாதங்களில் சற்று இறங்கக்கூடச் செய்யும். குழாய்த் தசை ஆஞ்சியோடென்சினுக்குக் காது கொடுப்பதில்லை. 1973-ல் அமெரிக்காவின் டல்லஸில் நார்மன் கேன்ட் குழுவினர் தலைச்சன் பிள்ளை சுமந்த இளம் பெண்களுக்கு மிகச் சிறிய அளவில் ஆஞ்சியோடென்சின் செலுத்தி, எவ்வளவு கொடுத்தால் பிரஷர் ஏறுகிறது என்று வாரக் கணக்கில் பார்த்து வந்தார்கள். நல்லபடியாகப் பெற்றவர்களுக்குக் கடைசிவரை அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னால் கர்ப்பகால இரத்தக் கொதிப்பில் விழுந்த பெண்களுக்கு, நோய் வெளியே தெரிவதற்குப் பல வாரம் முன்பே, அந்தக் காது கேளாமை போய்விட்டது. கொஞ்சம் கொடுத்தாலே ஏறியது. ஏன் என்பதற்கு இன்றுவரை ஒரே பதில் இல்லை. 1999-ல் பெர்லினில் வாலுகாட் குழுவினர், இந்நோயுள்ள தாய்மாரின் இரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் ஏற்பியைத் தாமே போய் முடுக்கிவிடும் எதிர்ப்பொருள்களைக் கண்டார்கள். போலிச் சாவி போட்டுக் கடையைத் திறக்கிறவர்கள்! இரத்தக் கொதிப்புக்கு நாம் சாதாரணமாகச் சாப்பிடும் லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்றவை இந்த ஏற்பியைத்தான் அடைக்கின்றன. ஆனால் அவற்றைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கவே கூடாது; குழந்தையின் சிறுநீரகம் கெட்டுவிடும். மருமகளுக்கு பிரஷர் என்றால் மாமனார் தன் டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு, அதனால் சொல்கிறேன்.

எதிர்ப்பக்கத்தையும் பார்ப்போம். இரத்தத்தில் கிருமி பரவி அதிர்ச்சி நிலைக்குப் போன நோயாளிக்கு நார்அட்ரீனலின் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஓட ஓட அதன் பலன் குறையும். ஏற்பிகள் உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. ஏற்பி இப்படி மரத்துப்போகும் விதத்தை ஆயுள் முழுக்க ஆராய்ந்த ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கு, அவருடைய மாணவரான பிரையன் கோபில்காவோடு சேர்த்து, 2012-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்படிப்பட்ட நோயாளிக்கு, எங்கள் அக்காவுக்குக் கொடுத்த அதே ஹைட்ரோகார்டிசோனைக் கொடுத்தால் என்ன? 2018-ல் வெளியான ஒரு சோதனையில் 3,658 நோயாளிகளைப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்கள் அதிர்ச்சி நிலையிலிருந்து சீக்கிரமே மீண்டார்கள்: நடுக்கணக்காக 4 நாள் என்பது 3 ஆயிற்று. ஆனால் 90 நாள் கழித்து எண்ணினால் இறந்தவர் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. அதே வருஷம் பிரான்ஸில் நடந்த வேறொரு சோதனை, கூடவே இன்னொரு ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்தது. அதில் இறப்பு குறைந்தது.

நார்அட்ரீனலின் கைவிட்ட நோயாளிக்கு வேறு கடையைத் தட்டிப் பார்க்கலாம் என்று யோசித்து, ஆஞ்சியோடென்சினையே சொட்டு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் வந்த முடிவின்படி, பெற்றவர்களில் நூற்றுக்கு 70 பேருக்குப் பிரஷர் எதிர்பார்த்த அளவு ஏறியது. பெறாதவர்களில் 23 பேருக்குத்தான். அந்த வருஷ டிசம்பரில் அமெரிக்க அரசு அதை மருந்தாக அனுமதித்தது. மற்ற 30 பேருக்கு ஏன் ஏறவில்லை, யாருக்குக் கொடுத்தால் உயிர் தப்பும் என்ற கேள்வி எழுந்தது. 2020-ல் அதே சோதனையில் சேமித்து வைத்த இரத்தத்தை மறுபடி எடுத்து, டிகெர்ஸ்டெட் 1898-ல் முயலின் சிறுநீரகத்தில் கண்ட அந்த ரெனினை அளந்தார்கள். ரெனின் மிக அதிகமாக இருந்தவர்களிடம்தான் ஆஞ்சியோடென்சின் உயிர் காத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ரெனினை அளந்து பார்த்து எந்த மருந்து என்று முடிவு செய்யலாமா என்று இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.